35.27-இன் இரு மடங்கு

ஒன்பதாம் வகுப்பில் வட்டங்கள் பாடம் வரும்போதெல்லாம், மரக் கவராயத்தில் சாக்பீஸைச் செருகிக் கரும்பலகையில் வட்டம் வரைந்து, ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம் மீதிப் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு என்று கோணமானியால் அளந்து காட்டுவதே பல ஆண்டுகளாக என் வழக்கம். ஓரிரு பாகை பிசகினால் சாக்பீஸ் கோட்டின் தடிமன் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

நம் பாடநூலின் 'இணையச் செயல்பாடு' பகுதியில் வரும் ஜியோஜீப்ராவை நான் வகுப்புக்குக் கொண்டுவந்தது தாமதமாகத்தான். 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகென்வார்ட்டர் தம் முதுகலைப் படிப்பின்போது உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பதே, தூறல் போட்டாலே இணைப்பு அறுந்துபோகும் எங்கள் ஊரில், அதன் முதல் தகுதி.

வட்டத்தின் மேல் இரு புள்ளிகளை நிலையாக வைத்து, மூன்றாவது புள்ளியைப் பெரிய வில்லின் மேல் நகர்த்தும்படி ஒரு மாணவியிடம் மவுஸைக் கொடுத்தேன். புள்ளி ஓடியது, ஆனால் அந்தப் புள்ளியில் அமையும் கோணமாகத் திரையில் தெரிந்த 35.27 என்ற எண் அசையவே இல்லை. கரும்பலகையில் என்னால் ஒருபோதும் காட்ட முடியாத காட்சி அது. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், இரு மடங்குன்னா மையக் கோணம் 70.54 வரணும். 70.53-னு காட்டுதே?"

தசம இடங்களை ஐந்தாக உயர்த்தினோம். 35.26612, 70.53224 என்று வந்தது. தசம இடங்களைக் குறைத்து அருகிலுள்ள எண்ணாக எழுதும் முழுமையாக்கல் என்பதை அதற்கான பாடத்தில் சொன்னபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், இப்போது தாங்களாகவே நோட்டில் பெருக்கிப் பார்த்தார்கள்.

அடுத்து, அந்த மாணவி புள்ளியைச் சிறிய வில்லுக்குள் தள்ளிவிட்டாள். எண் சட்டென்று 215.26612 ஆனது. மென்பொருள் கோணத்தை ஒரே திசையில் சுற்றி அளப்பதால், உள்ளே இருக்கும் கோணத்தை விட்டுவிட்டு வெளிப்புறத்தைக் காட்டுகிறது என்பது எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. 360-இலிருந்து அதைக் கழித்தால் 144.73388 வருகிறது. பழைய 35.26612-ஐ அதோடு கூட்டிய மாணவன் ஒருவன் "சரியா 180 சார்!" என்று எழுந்தே விட்டான். நான்கு முனைகளும் வட்டத்தின் மேல் இருக்கும் வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்ற தேற்றத்தை நான் மறுநாளுக்கு வைத்திருந்தேன்.

பாடநூலின் க்யூஆர் கோடு வழியாகத் திறக்கும் காணொளிகளை நான் குறைசொல்லவில்லை. காய்ச்சலில் விடுப்பு எடுத்த பிள்ளைக்கு அவை பேருதவி. ஆனால் வகுப்பில் காணொளி ஓடும்போது பிள்ளைகளின் கைகளுக்கு வேலை இருப்பதில்லை, தவறு நேரவும் வழியில்லை. அதே சமயம், புள்ளியை ஆயிரம் இடங்களுக்கு நகர்த்தினாலும் ஏன் இரு மடங்கு என்பதைத் திரை சொல்லாது. அதற்கு மையத்திலிருந்து ஆரங்களை வரைந்து, இருசமபக்க முக்கோணங்களை அடையாளம் கண்டு, கரும்பலகையில் வரி வரியாகத்தான் நிறுவ வேண்டியிருந்தது.

கோணத்தை 180 பாகைக்குள் மட்டும் காட்டும்படி அமைக்க ஜியோஜீப்ராவிலேயே வசதி உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். வட்டங்கள் பாடத்தன்று மட்டும் அதைத் தொடுவதில்லை.