அச்சு முறுக்குக் கொம்பு, முந்திரி மீசை

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்த கடலூர் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும்தான் வழக்கம். கல்யாணமாகிப் புதுச்சேரி குருசுக்குப்பத்துக்கு வந்த பிறகும் பல வருஷம் அப்படியே நடந்தது. நடுராத்திரிப் பூசை முடிந்து கோவிலை விட்டு வீடு வந்து சேரும்போதே ஒன்றரை மணி ஆகிவிடும். நாலு மணிக்கு எழுந்து கறியை ஏற்றினால்தான் எட்டு மணிக்கு இலை போடலாம். பிள்ளைகள் தூங்குவார்கள், ஆண்கள் தூங்குவார்கள், அடுப்படியில் நானும் அக்காவும் மட்டும் நிற்போம். இப்போது கறி மத்தியானத்துக்குப் போய்விட்டது. காலைக்குப் பான்கேக், அதன்மேல் பழமும் பலகாரமும் வைத்து முகம் செய்வோம். வீடு மொத்தமும் ஒரே மேசையைச் சுற்றி நின்று, கை பிசுபிசுக்க வேலை செய்கிற நேரம் வருஷத்தில் இது ஒன்றுதான். அதனால் எனக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

பான்கேக்கில் முகம் செய்வதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். யாரும் தனக்குச் செய்துகொள்ளக் கூடாது. முதல் நாள் ராத்திரி பூசைக்குக் கிளம்பும் முன் சீட்டுக் குலுக்கி எடுப்போம். யார் பேர் வருகிறதோ அவருக்குத் தட்டை அலங்கரிக்க வேண்டும். அது வெறும் விளையாட்டு இல்லை. ஆயாவுக்குச் செய்கிறவன் ஆயாவுக்குப் பல் இல்லை என்பதை யோசிக்க வேண்டும். அக்கா வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் தட்டில் பாகு ஊற்றக் கூடாது. அவருக்குக் கேழ்வரகு மாவு பாதி கலந்து தனியாக நாலு ஊற்றி வைப்பேன். மேலே முந்திரி, வேர்க்கடலை, கொஞ்சம் மாதுளை. சின்னவனுக்கு ஒரு வருஷம் மாமா பேர் வந்தது. "மாமா, உங்களுக்குத் தாடி வைக்கட்டுமா, தேங்காய் சாப்பிடலாமா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். மாமா அந்தத் தட்டைச் சாப்பிட மனம் வராமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சரியாக வராவிட்டால் மேலே என்ன வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. 2 கப் மைதா, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் கெட்டித் தயிரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கடைந்த மோர் ஒன்றே முக்கால் கப், 2 முட்டை, உருக்கிய வெண்ணெய் 3 மேசைக்கரண்டி. இதை அதில் ஊற்றிக் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்றுதான் கலக்க வேண்டும். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். தோசை மாவைக் கையால் அடித்துக் கரைத்துப் பழகிய நமக்கு அந்தக் கட்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் மைதாவை அடிக்க அடிக்க அதில் இருக்கும் பசை இறுகி, பான்கேக் ரப்பராகிவிடும். பத்து நிமிஷம் மூடி வைத்தால் கட்டிகள் தாமாகவே ஊறிக் கரையும். அதற்கு மேலும் வைக்க வேண்டாம். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததுமே நுரை கிளம்பிவிடுகிறது, தாமதித்தால் அந்தக் காற்று போய்விடும்.

டிசம்பரில் நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பேக்கிங் பவுடர் சீக்கிரம் கெட்டுப்போகும். இருபதாம் தேதிக்குள் ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது, சும்மா கரைந்தால் புது டப்பா வாங்கிவிடுங்கள். அன்று விடிகாலையில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

தோசைக்கல் நன்றாகவே வேலை செய்கிறது. தோசைக்கு வைக்கிற சூடு மட்டும் ஆகாது. மாவில் சர்க்கரையும் மோரும் இருப்பதால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேங்கினால் மேல்பக்கம் திட்டுத்திட்டாகச் சிவக்கும், முகம் வரைய ஆகாது. கால் கப் மாவு ஊற்றினால் மேலே குமிழ் வந்து உடையும். உடைந்த ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் திருப்பலாம். எங்கள் அத்தைதான் அதைப் பார்த்துச் சொல்கிறவர். கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்பத் திருப்பும்மா" என்பார். ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

அத்தைக்கு அந்தக் கை வந்தது வேறு வழியில். மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரோடு சில வருஷம் பிரான்சில் இருந்தபோது அத்தை கிரேப் என்கிற மெலிசான பிரெஞ்சுத் தோசை சுடக் கற்றுக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் தேதி, குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கிரேப் சுடுவார்கள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டியைத் தூக்கிக் கிரேப்பைத் திருப்பிப் போட்டால் அந்த வருஷம் கையில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. மணிக்கட்டு வலி வரும் வரை அத்தை அதை விடாமல் செய்துவந்தார். அதனால் பான்கேக் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா இவ்ளோ தடிமனா?" என்றார். ஆனால் கிரேப்பில் சோடா கிடையாது, காகிதம் போல மெலிசாக இருக்கும், அதன்மேல் மூக்கும் கொம்பும் நிற்காது. பிள்ளைகள் வைத்ததைப் பார்த்த பிறகு அவரே தடிமனாக ஊற்றச் சொல்கிறார்.

இனி அலங்காரம். வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரியே செய்யப் போனால் ஸ்ட்ராபெரியும் கிரீமும் தேடி அலைய வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. பண்டிகைக்காக வீட்டில் ஏற்கனவே செய்து வைத்திருக்கும் பலகாரமும், பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் பழமுமே போதும், ருசியிலும் அவைதான் உசத்தி.

மான் முகத்துக்குக் கொம்பு அச்சு முறுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே எங்கள் வீடுகளில் அச்சு முறுக்கும், கல்கல் என்கிற சின்னச் சின்ன மொறுமொறு இனிப்பும் டின்னில் ஏறிவிடும். அச்சு முறுக்கைக் குறுக்கே உடைத்தால் வளைவு வளைவாக இரண்டு கொம்பு கிடைக்கும். முகம் ஒரு பெரிய பான்கேக், காதுக்கு ஒரு கரண்டி மாவில் ஊற்றிய நீளவட்டம் இரண்டு. கண்ணுக்கு ரஸ்தாளித் துண்டு, அதன் நடுவில் கறுப்பு உலர்திராட்சை. பழத் துண்டில் எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் கறுக்காது. மூக்குக்குப் பேக்கரி செர்ரி. அது பெரும்பாலும் சாயம் ஏற்றிய களாக்காய்தான். ஆனாலும் அந்தச் சிவப்புக்கு ஈடு வேறில்லை. பாகை வடித்துத் துணியில் ஒற்றி வைக்காவிட்டால் முகமெல்லாம் சாயம் வழியும். வண்ண மிட்டாய் வைப்பதும் அப்படித்தான், சூட்டில் சாயம் இறங்கும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குல்லா மாதுளை முத்து. முக்கோணமாக நெருக்கி அடுக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் பெரியவள் மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடுகிறவள், அவள் கையில் ஒரு முத்துகூட வரிசை தப்பாது. தாடிக்குத் தேங்காய்த் துருவல். ஓட்டுப் பக்கம் போகாமல் மேலாகத் துருவினால்தான் பால் வெள்ளையாக வரும். மீசைக்கு முந்திரிப் பருப்பு இரண்டு, வளைவு மேலே பார்க்கும்படி எதிரெதிராக.

அந்த முந்திரி அக்காவின் மாமியார் வீட்டுத் தோப்பிலிருந்து, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருவது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள், குடில்கூடப் பிரிக்கவில்லை. தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பழைய மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. மறுபடி கன்று வைத்து, அது காய்க்கும் வரை அவர்கள் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். அக்கா ஒவ்வொரு டிசம்பரிலும் துணிப்பையில் கட்டிக் கொண்டுவருகிற பருப்பு அந்தக் கன்றுகளில் காய்த்தது. அதனால் மீசைக்குக் கடை முந்திரி வாங்க நான் சம்மதிப்பதில்லை. உடைந்த பருப்பு பாயசத்துக்கு, முழுப் பருப்பு தாத்தாவுக்கு.

மரம் செய்வது சுலபம். பெரியதிலிருந்து சின்னதாக ஐந்தாறு ஊற்றி அடுக்கி, ஓரத்தில் டூட்டி ஃப்ரூட்டி. நட்சத்திரம் கொஞ்சம் வேலை வாங்கும். கொக்கோ கலந்த மாவைத் தக்காளி சாஸ் பாட்டிலில் ஊற்றிக் கல்லில் கோடாக இழுத்து, அரை நிமிஷம் விட்டு, அதன்மேல் சாதா மாவை ஊற்ற வேண்டும். திருப்பினால் கோடு கறுப்பாக எழுந்து நிற்கும். எழுத்து எழுதினால் இடவலம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேலே ஊற்ற மேப்பிள் பாகு வாங்கச் சொல்ல மாட்டேன். கருப்பட்டியைத் தட்டிப் பாதியளவு தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவிட்டு, விரலில் பிசுக்கென்று ஒட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வந்துவிட்டால் ஆறியதும் இறுகும். பெரியவர்களுக்கு, விவிக்கம் என்கிற புதுச்சேரி கிறிஸ்துமஸ் கேக்குக்காக ரம்மில் ஊறவைத்த பழத்தில் மீந்தது ஒரு கரண்டி. பிள்ளைகள் மேசைக்கு அது வராது.

சுடுகிற வரிசை முக்கியம். முதல் ஈடு கீழ் வீட்டுக்கு. கீழ் வீட்டு அண்ணன் கார்த்திகையில் மாலை போட்டால் மகர ஜோதிக்குத்தான் மலை ஏறுவார். டிசம்பர் முழுக்க விரதம், அந்த வீட்டில் முட்டை ஏறாது. அதனால் கழுவிய கல்லில், தனிக் கரண்டியில், முட்டையில்லாத மாவு. 2 முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, மோர் கால் கப் கூட்டினால் போதும். கொஞ்சம் மெத்தென்று இருக்கும், திருப்பும்போது பதமாகத் திருப்ப வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போகிறவன் சின்னவன். "அண்ணி, முட்டை இல்ல, அம்மா தனியா சுட்டாங்க" என்று படியிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு இறங்குவான்.

இந்த வருஷம் அவன் கேட்டிருப்பது ஒட்டகம். குடிலுக்கு மூன்று ராஜாக்கள் வருகிறார்களே, அவர்களுக்கு வாகனம் வேண்டாமா என்கிறான். உடம்புக்கு ஒரு நீளவட்டம், திமிலுக்குச் சின்ன வட்டத்தைப் பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். கழுத்துக்கு வாழைப்பழத்தை நீளவாக்கில் அரிந்தால் வளைவு தானாக வந்துவிடும். காலுக்கு என்ன வைப்பது என்றுதான் பேச்சு ஓடுகிறது. பெரியவள் கல்கல்லை வரிசையாக வைக்கலாம் என்கிறாள். ஆயா பேர் சீட்டில் வந்தால் அது ஆகாது, வாழைப்பழக் கால்தான்.