ஸ்கைலைன்ஸ்ல ஒரு குட்டி பம்பாய், குறுக்க நாலு டிராம் லைன்

பனியே பாக்காத பம்பாய்ல உக்காந்துக்கிட்டு, ஊர் கட்டுற கம்ப்யூட்டர் கேம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸுக்கு ஸ்னோஃபால் டிஎல்சி (தனியா காசு குடுத்து சேத்துக்கற கூடுதல் பாகம்) வாங்குறவன் யாருன்னா டிராம் பைத்தியம் புடிச்சவன்தான். 2015ல வந்த ஒரிஜினல் கேம்ல டிராம் கிடையாது, 2016 பிப்ரவரியில ஸ்னோஃபாலோட சேத்துதான் விட்டாங்க, பனியும் வேணாம் ஒண்ணும் வேணாம் தண்டவாளம் மட்டும் குடு சாமின்னு ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடை சேல்ல வாங்கிப் போட்டது. ரெண்டாம் பாகத்துல டிராம் ஆரம்பத்துலருந்தே இருக்காம், என் லேப்டாப்ல அது லோடு ஆகுறதுக்குள்ள செம்பூர்லருந்து குர்லாவுக்கு நடந்தே போயிரலாம், அதனால நான் இன்னும் பழசுலயேதான்.

ரொம்ப நாளா மனசுல இருந்த மேப் இது. மும்பை மாதிரியே ஒல்லியா நீளமா ஒரு ஊரு, ரெண்டு பக்கமும் தண்ணி. மாட் (ரசிகர்கள் செஞ்சு விடுற மாற்றம்) எதுவும் போடலன்னா மேப்ல இருக்கற 25 டைல்ல, அதாவது நிலக் கட்டத்துல, ஒம்பதுதான் வாங்க விடுவான், ஒரு டைல் 1.92 கிலோமீட்டர், அப்போ அஞ்ச ஒரே வரிசையில வாங்கி மீதி நால பக்கத்துல ஒட்டினா 9.6 கிலோமீட்டர் நீளம் கிடைக்கும். நெஜத்துல கொலாபாலருந்து சயான் போறதுக்கே அது பத்தாது, ஆனா கேமுக்கு இந்தச் சுருக்கம் ஓகே. புது மேப் தொடங்கும்போதே இடது பக்கம் வண்டி ஓட்டுற ஆப்ஷன டிக் பண்ணிரணும், அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டா அவ்ளோதான்.

இந்த ஊருக்கு மேற்குல ஒரு ரயில், கிழக்குல ஒரு ரயில், நம்ம பம்பாய் வெஸ்டர்ன் லைன், சென்ட்ரல் லைன் மாதிரி. டிராம எங்க போடுறதுங்கறதுதான் கேள்வியே. யூடியூப்ல பாத்தீங்கன்னா முக்கால்வாசிப் பேரு ஊர்லயே பெரிய ரோடு எதுவோ அதுல நீளத்துக்கு டிராக் போட்டு விட்டுருவாங்க, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா பஸ்ல 30 பேர், டிராம்ல 90 பேர், ரயில்ல 240 பேர், பக்கத்துலயே ரயில் ஓடும்போது அதே திசையில டிராம் எதுக்கு? நான் குறுக்க போட்டேன். ரெண்டு ரயிலும் ஏணியோட ரெண்டு காலுன்னா டிராம்தான் படி. ஒவ்வொரு படியும் மேற்கு ஸ்டேஷன் வாசல்ல தொடங்கி கிழக்கு ஸ்டேஷன் வாசல்ல முடியும், நடுவுல அஞ்சாறு ஸ்டாப், அவ்ளோதான்.

இத பெரியப்பா பின்னாடி நின்னு பாத்துட்டு, "தாதர் டிடி, அந்த டிராம் டெர்மினஸ்லருந்து டிராம் நேரா தெக்கால போவும்டா, நீ என்ன குறுக்க விட்டுருக்க?"ன்னாரு. "தெக்க போறதுக்குத்தான் ரயில் இருக்கே பெரியப்பா"ன்னேன். அவரு டிராம்ல போன ஆளு, இங்க கடைசி டிராம் போரிபந்தர்லருந்து தாதருக்கு ஓடுனது 1964 மார்ச் 31. குதிரை இழுத்தது 1874ல, கரண்டுல ஓடுனது 1907ல. "மெட்ராஸ்ல 1895லயே கரண்டு டிராம் வந்துருச்சு தெரியும்ல"ன்னு ஒரு பெருமை வேற, பம்பாய்க்கு வந்து அறுவது வருஷத்துக்கு மேல ஆகியும் அது மட்டும் போகல.

ஆனா குறுக்க போறதுதான் இந்த ஊர்ல எப்பவும் கஷ்டம். வடக்கு தெக்கா எவ்ளோ தூரம்னாலும் லோக்கல் ரயில் புடிச்சா ஆச்சு, குர்லாலருந்து பாந்த்ராவுக்கு ஷேர் ஆட்டோவுக்கு நின்னவங்களுக்குத் தெரியும் குறுக்க போறதுன்னா என்னன்னு. 2014ல இங்க முதல் மெட்ரோ வந்ததே வெர்சோவா அந்தேரி காட்கோபர்னு குறுக்கதான், வெறும் 11.4 கிலோமீட்டர், ஆபீஸ் டைம்ல அந்தக் கூட்டத்தப் பாத்தாலே போதும்.

சரி கேமுக்கு வருவோம். குறுக்க போட்டா ரயில் பாதைய தாண்டணும், அங்க கார் ரோட்டோட சேத்து பாலம் கட்டாதீங்க, டிராமுக்கு மட்டும்னு தனி டிராக் இருக்கு, அத தூக்கி பாலமா போட்டுருங்க. நம்ம தாதர்ல ரயில் பாதைய தாண்டுற திலக் பிரிட்ஜ் மேல சாயங்காலம் டாக்ஸிக்குள்ள உக்காந்து பாருங்க, ஏன் சொல்றேன்னு புரியும்.

டிராமுக்கு எதிரி கூட்டம் கிடையாது, ஜங்ஷன்தான். கார் கூட ஒரே லேன்ல ஓடுதுன்னா முன்னாடி நிக்கிற லாரிக்காக 90 பேரும் சேந்து நிக்கணும், பெரிய ரோட்டுக் கிராசிங்ல கேமே தானா சிக்னல் வச்சிரும், அது டிராமுன்னுல்லாம் பாக்காது. 2017ல மாஸ் டிரான்ஸிட்ங்கற டிஎல்சி வந்த சமயத்துல வந்த ஃப்ரீ அப்டேட்டுக்கு அப்புறம் சிக்னல நாமளே ஆஃப் பண்ணலாம், எந்த ரோட்டுக்கு முன்னுரிமைன்னும் சொல்லலாம். நான் டிராம் ரோட்டுக்கு முன்னுரிமை குடுத்துட்டு அதுல வந்து சேர்ற சின்னத் தெரு பாதிய மூடிட்டேன், தெருக்காரன் திட்டினா திட்டட்டும்.

அடுத்தது ஸ்டாப். ஒரே ஸ்டாப்ல மூணு லைன் நிறுத்தாதீங்க, முன்னாடி நிக்கிற டிராம் ஆள் ஏத்துற வரைக்கும் பின்னாடி ரெண்டு வரிசையில நிக்கும், அதோட வாலு ஜங்ஷன்ல கிடக்கும், மொத்த ஊரும் லாக். ரயில் ஸ்டேஷன் எந்த ஃபுட்பாத்ல இருக்கோ அதே பக்கம் டிராம் ஸ்டாப்ப வைங்க, ஆறு லேன் ரோட்ட தாண்டி வச்சா ஜனம் ஜீப்ரா கிராஸிங்ல சாரைசாரையா போய்க்கிட்டே இருக்கும், கார் ஒண்ணும் நகராது. அப்படி வைக்கறத தவிர வழியில்லன்னா நடைபாலம் கட்டிருங்க.

டிப்போ பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, டிராக்கோட ஒட்டியிருந்தா சரி, ஊர் ஓரமா வச்சா போதும். லைன் எவ்ளோ நீளமோ அதுக்குத் தக்கனதான் வண்டி வரும், குறைச்சலா தெரிஞ்சா டிராம் பட்ஜெட் ஸ்லைடர 100 சதவீதத்துக்கு மேல இழுங்க, காசு போகும், போகட்டும்.

இப்போ நாலு படி ஓடுது. அஞ்சாவது தெக்கு மூலையில போடணும், அங்க ஊரே ஒரு டைல் அகலம்தான், ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல ஜனம் பேசாம நடந்தே போயிருது. அந்த இடத்துக்கு டிராம் தேவையே இல்லன்னு எனக்கும் தெரியும், பெரியப்பாதான் அங்க தெக்கால ஒண்ணு விடுன்னு விடாம கேக்குறாரு, வர்ற ஞாயித்துக்கிழமை போட்டுக் குடுத்துரலாம்னு இருக்கேன்.