மொழிபெயர்ப்பில் மாறிய ஒரு வாக்கியம்

எங்கள் சபைக்கு இதுவரை வந்த போதகர்களில் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து, சில ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை என்று ஊர் திரும்பியவர்கள். இப்போதைய போதகரும் கிளம்பப் போகிறார் என்று தெரிந்த பிறகுதான் நிர்வாகக் குழு விழித்துக்கொண்டது. "நம் பிள்ளைகளிலிருந்தே ஒருவர் எழும்ப வேண்டும்" என்று எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள். ஆமென் சொல்லி முடித்ததும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் என்பதே என் ஒரே தகுதி.

ஆறு சனிக்கிழமைகள், ஆவிக்குரிய வரங்களை, அதாவது சபைக்கு உதவ ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் தந்த திறன்களைக் கண்டறியும் வகுப்பு. பெரியவர்களும் இளையர்களும் சேர்ந்து இருபது பேர் வந்தார்கள். வரங்களை மதிப்பெண் போட்டுக் கண்டுபிடிக்கும் வினாத்தாள்கள் 1970களில் அமெரிக்காவில் பரவியவை. அப்படி ஒன்றை எடுத்து, இரவு நேரங்களில் உட்கார்ந்து தமிழில் ஆக்கினேன். ரோமர் 12, முதலாம் கொரிந்தியர் 12, எபேசியர் 4 என்று அப்போஸ்தலன் பவுல் தம் நிருபங்களில் வரங்களை வரிசைப்படுத்தும் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே ஒன்று புரிந்துவிடுகிறது: பட்டியல்கள் ஒன்றுபோல் இல்லை. முழுப் பட்டியல் தருவது அவருடைய நோக்கமாகத் தெரியவில்லை. ஆனால் வினாத்தாளில் கட்டம் போட்டாக வேண்டுமே, போட்டேன்.

முதல் வாரமே, நாங்கள் படிக்கும் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல் என் காலை வாரிவிட்டது. ரோமர் 12:8-இல் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று வருகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, "ஆன்ட்டி, முதலாளியாக இருப்பது ஒரு வரமா? என் அப்பாவின் முதலாளியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றாள். அங்கே முதலாளி என்றால் முன்னின்று நடத்துகிறவர், தலைமை தாங்குகிறவர் என்று விளக்குவதற்குள் வகுப்பு சிரித்து ஓய்ந்துவிட்டது.

அதே வசனத்தில் உள்ள "புத்திசொல்லுகிறவன்" தந்த தொல்லை வேறு விதமானது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் அத்தனை பேரும் அந்த வரம் தங்களுக்கு உண்டு என்று முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! எனக்கு வந்தது ஆளுகை வரம். சலிப்பாக இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கப்பலைத் திசைபிடித்து ஓட்டுவது என்று பொருள் என போதகர் சமாதானம் சொன்னார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் கணவர் வீட்டில் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பை இங்கே எழுதுவதற்கில்லை.

மதிப்பெண்ணின்படி பார்த்தால், போதகராகத் தகுதியானவர்கள் மூவர். மூவருமே மேடையில் கூச்சமில்லாமல் பேசுகிறவர்கள். கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. போதிக்கும் வரத்தில் அவனுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்கிறவன் அவன்தான். அதை யாரும் வரமாக எண்ணவில்லை. ஒலிபெருக்கியைப் போல அவனும் அங்கே இருந்தான், அவ்வளவுதான்.

நான்காம் வாரத்துக்கு அடுத்த நாள், வெளியூரிலிருந்து ஒருவர் பிரசங்கிக்க வந்திருந்தார். நல்ல குரல், வேகம். சுகமாகுதலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனவர், உங்கள் விசுவாசம் உண்மையாக இருந்திருந்தால் அந்த வியாதி உங்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினார். இரண்டாவது வரிசையில் ஒரு பாட்டி. ஆங்கிலம் தெரியாது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் கணவரை மண்டாய் தகனச்சாலையில் வழியனுப்பியிருந்தார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு, "வியாதி நம் வீட்டுக்குள் வந்தாலும், ஆண்டவர் நம் வீட்டை விட்டுப் போவதில்லை" என்றான்.

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் தலையைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரசங்கியார் எதையும் அறியாமல் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் கடுகடுப்போடு என்னிடம் வந்தார். மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்தமாகப் பேச உரிமை கிடையாது, கண்டித்து வையுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் அதை நான் மறுக்கமாட்டேன். கோப்பிக் கடைக்கு அவனை அழைத்துப் போய், தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"தப்புதான், ஆன்ட்டி. ஆனால் அதை என் வாயால் பாட்டியிடம் சொல்ல முடியவில்லை. தமிழில் கேட்டால், சொல்கிறவன் நான்தானே?"

அன்று இரவு போதகருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. புத்தி சொல்லுதல் என்று நாம் படிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ஆறுதல் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு, பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்கிறோமே, அதுவும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான் என்றார். வகுப்பில் அத்தனை ஆண்களும் தங்களுக்கு எடுத்துக்கொண்ட வரம்!

கடைசி வாரம் வினாத்தாளை மூட்டை கட்டி வைத்தேன். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தாள் வைத்து, இவரால் உங்களுக்கு என்ன நன்மை நடந்தது என்று மற்றவர்களை எழுதச் சொன்னேன். வகுப்புக்கு வராத பாட்டிகளிடமும் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். நன்றாகப் பேசும் மூவரின் தாள்களிலும் "நன்றாகப் பேசுவார்" என்றுதான் இருந்தது. அவனுடைய தாளில் மட்டும் இடம் போதவில்லை. பலதுறை மருந்தகத்துக்குப் பாட்டிகளோடு அவன் துணைக்குப் போவது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "டாக்டர் சொன்னதை என் பேரன் சொன்னால் பயமாக இருக்கும். இவன் சொன்னால் பயம் இருக்காது, மாத்திரையும் மறக்காது."

அதன் பிறகு போதகர் அவனை வீடு சந்திப்புகளுக்குக் கூட்டிப்போனார். ஏழு நிமிடம் பிரசங்கிக்கவும் விட்டார். அது படு மோசம். கைத்தொலைபேசியைப் பார்த்தே வாசித்தான், நான்கே நிமிடத்தில் இறங்கிவிட்டான். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல வேண்டாமென்று முன்பே பேசி வைத்திருந்ததால், எந்த இடத்தில் அவன் பேச்சின் தொடர்பை இழந்தோம் என்று சொன்னோம். இரண்டாம் முறை தேறினான்.

அவனைப் போதகர் படிப்புக்கு அனுப்பச் சொல்லி அவன் அம்மாவைப் பார்க்கப் போனதுதான் கடினம். இறையியல் முதுகலைக்கு மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு, அதுவரை சம்பளம் கிடையாது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பான், யார் பெண் கொடுப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அவன் விண்ணப்பிக்க இருந்த டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948-இல் தொடங்கியது என்றும், ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த திருச்சபைத் தலைவர்களின் மனத்தில் உதித்த எண்ணம் அது என்றும் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். "சிறையில் உதித்ததா? அப்படியானால் பொருத்தம்தான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் மகனாக இருந்திருந்தால் நானும் இதையெல்லாம் கேட்டிருப்பேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அவன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோதும் இவன்தான் எங்களுக்கு டாக்டர் பேச்சைச் சொன்னான்" என்று மட்டும் சொன்னார். சம்மதம் என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னும் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு சபையின் பரிந்துரையும் போக வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர், அன்று கடுகடுத்த அதே மூப்பர். பிள்ளை தன் அழைப்பைப் பற்றி எழுதியதை அவரிடம் கொண்டுபோனான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியிருக்கிறாய், பிரசங்கியார் சொன்னதை மாற்றினாய் என்பதை எழுதவில்லையே. அதையும் எழுது, பிறகு கொண்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறான்.