நடக்கும் காலுக்கு ரிஃப்ளெக்ஸ் வேறு

முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறும். பிசியோதெரபி படிக்கும்போது நானும் அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். தட்டினால் உதறும், எப்போது தட்டினாலும் அதே உதறல் என்றுதான் பலரும் ரிஃப்ளெக்ஸ் எனும் அனிச்சைச் செயலைப் பற்றி நினைக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது ஏறக்குறைய சரி. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் நடக்க வேண்டும் என்று வருகிறவர்கள்.

நடக்கும்போது கால் எதிலாவது தட்டுப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். தரையை விட்டுக் கிளம்பிய உடனே தட்டினால் முழங்கால் சட்டென்று மடங்கி, பாதம் தடையைத் தாண்டிவிடும். அதே கால் முன்னால் போய்க் கீழிறங்கும் நேரத்தில் தட்டினால், பாதம் அவசரமாகத் தரையில் ஊன்றும்; தாண்டுகிற வேலையை மற்ற கால் எடுத்துக்கொள்ளும். தட்டியது ஒரே பாதம்தான். எடுத்த அடி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறிவிடுகிறது. யோசித்து முடிவெடுக்க அங்கே நேரமே கிடையாது.

இதில் தண்டுவடத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை 1975-இல் ஃபோர்ஸ்பெர்க், கிரில்னர், ரோசின்யோல் மூவரும் பூனைகளில் காட்டினார்கள். தண்டுவடம் துண்டிக்கப்பட்டு, மூளையோடு பின்னங்கால்களுக்குத் தொடர்பே இல்லாத பூனைகள் அவை. நகரும் பட்டையில் நடக்கும்போது, தூக்கிய பாதத்தின் மேல்புறத்தைத் தொட்டால் கால் மடங்கியது. ஊன்றிய பாதத்தைத் தொட்டால் கால் இன்னும் விறைத்து நீண்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை.

மனிதர்களில் இதை அளக்க, முழங்காலின் பின்புறம் ஓடும் நரம்பில் சின்ன மின்துடிப்பு கொடுப்பார்கள். சுமார் 30 மில்லிசெகண்டில் கெண்டைக்கால் தசை பதில் சொல்லும். ஹெச்-ரிஃப்ளெக்ஸ் என்பது இதுதான். கபாடேயும் ஸ்டைனும் 1986, 1987-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நிற்கும்போது பெரிதாக இருக்கும் இந்தப் பதில் நடக்கும்போது குறைகிறது, ஓடும்போது இன்னும் குறைகிறது. தசை அதே அளவு வேலை செய்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். நடையிலும் பாதம் ஊன்றியிருக்கையில் படிப்படியாக வளர்ந்து, கால் காற்றில் இருக்கையில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தசையிலிருந்து வரும் செய்தி தசைக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்பணுவை எட்டுவதற்கு முன்பே, நரம்பு முனையில் வைத்தே அடக்கப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கால் முன்னே வீசும் நேரத்தில் கெண்டைக்கால் இறுகினால் நுனிப்பாதம் தரையில் உரசுமே, அதனால் இந்த அடக்கம் அவசியம்.

பக்கவாதம் வந்து தசை இறுகிப்போன பலரிடம் இந்த ஏற்ற இறக்கம்தான் மங்கிவிடுகிறது. அடங்க வேண்டிய நேரத்தில் ரிஃப்ளெக்ஸ் அடங்குவதில்லை. படுக்கவைத்துக் கணுக்காலை மடக்கிப் பார்த்து இறுக்கத்துக்கு ஒரு எண் போட்டுவிட்டால் நடையைத் தெரிந்துகொண்டதாக ஆகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நடக்கவிட்டு, எந்தக் கட்டத்தில் கணுக்கால் சிக்குகிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும்.

கையையும் விட்டுவிடக் கூடாது. காலை அசைக்காமல் உட்கார்ந்து கைகளால் மட்டும் பெடல் சுற்றினாலே கெண்டைக்காலின் ஹெச்-ரிஃப்ளெக்ஸ் குறைவதை ஃப்ரிகான், காலின்ஸ், ஸேர் 2004-இல் பதிவு செய்தார்கள். நடைப்பயிற்சியில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களிடம், முடிந்த அளவுக்காவது வீசி நடங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.