பட்டத்துக்கு அடுத்தவர்: ஒரு சயாம் நாட்குறிப்பு

ஜூன் 9, பாங்காக்

சென்னையிலிருந்து வந்த விமானம் டான் மியாங்கில் இறங்கியது. பெட்டி வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் மனம் முழுக்க இளவரசர் சக்ரபோங்சேதான். இந்த ஊரில் விமானம் என்ற ஒன்று காலூன்றியதே அவரால்தான்.

சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சுலாலங்கார்னுக்கும் சவோபா ராணிக்கும் 1883 மார்ச் 3 அன்று பிறந்தவர். 1910-இல் அண்ணன் வஜிராவுத் அரியணை ஏறினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால், பட்டத்துக்கு அடுத்தவர் இந்தத் தம்பி. ராணுவத் தலைமை அதிகாரியும் இவரே. 1911-இல் வான் டென் போர்ன் என்ற பெல்ஜிய விமானி சா பாதும் குதிரைப் பந்தயத் திடலில் பறந்து காட்டினார். மறுவருடமே மூன்று அதிகாரிகள் பிரான்சுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அவர்கள் திரும்பியபின் அதே பந்தயத் திடலில்தான் பறக்கிற வேலை தொடங்கியது. ஆனால் இடம் போதவில்லை, மழை பெய்தால் தண்ணீர் வேறு கட்டிக்கொள்ளும். ஊருக்கு வடக்கே மேட்டு நிலம் தேடியபோது கிடைத்ததுதான் டான் மியாங். 1914 மார்ச்சில் விமானங்கள் இங்கே குடிவந்தன. இன்றைக்கும் தாய்லாந்து விமானப்படை அவரைத் தன் தந்தை என்று கொண்டாடுகிறது.

ஜூன் 10

அவரை ஏன் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள் என்பது முக்கியம். 1893-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாக்நாம் கோட்டையைத் தாண்டி, ஆற்றின் வழியாகப் பாங்காக்குக்கே வந்து நின்றன. மேற்கே பர்மாவில் ஆங்கிலேயர், கிழக்கே பிரெஞ்சுக்காரர். நடுவில் தப்பிப் பிழைக்க வேண்டுமென்றால் ஐரோப்பாவில் வேறு நண்பர்கள் வேண்டும். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் இளவரசராக இருந்த காலத்தில், 1891-இல், பாங்காக்குக்கு விருந்தாளியாக வந்தவர். 1897-இல் சுலாலங்கார்ன் ரஷ்யா போனார். அந்தப் பழக்கத்தில், அடுத்த வருடம் பதினைந்து வயது மகன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தான். ஜாரின் பராமரிப்பில் ராணுவப் பள்ளி, பிறகு ஹுஸார் குதிரைப்படை. பரீட்சையில் முதலிடம்.

அப்பா போட்ட கணக்கில் மகன் நாட்டுக்கு ஒரு கேடயம். மகனுக்கோ அங்கே ஒரு முழு வாழ்க்கையே அமைந்துவிட்டது.

ஜூன் 11

இன்று தா தியென் படித்துறைப் பக்கம் நடந்தேன். வாட் போவுக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்தபடி அவர் கட்டிய வீடு இருக்கிறது. அக்கரையில் வாட் அருண். துறையில் கருவாட்டு வாடை, படகு ஒவ்வொரு முறை வந்து மோதும்போதும் மரத்தளம் ஆடுகிறது. வெகுநேரம் அங்கேயே நின்றேன், அவருடைய ரஷ்ய மனைவி காத்யாவை நினைத்துக்கொண்டு.

காத்யாவின் முழுப்பெயர் எகாடெரினா டெஸ்னிட்ஸ்கயா, இன்றைய உக்ரைனின் லுட்ஸ்கில் பிறந்தவர். தாய் தகப்பன் இல்லாத பெண். ரஷ்ய-ஜப்பானியப் போரில் தாதியாக வேலை பார்த்தவர். 1906-இல் இளவரசரும் அவரும் கான்ஸ்டான்டிநோபிளில் திருமணம் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கப்பூர் வரை சேர்ந்து வந்தார்கள். அங்கே மனைவியை விட்டுவிட்டு இவர் மட்டும் பாங்காக் போனார். அப்பாவிடம் பேச்சுமூச்சு இல்லை. சேதி தானாகக் கசிந்தது.

எனக்கு இதில் இளவரசர் மேல் கோபம்தான். போர்முனைக்குப் போன பெண்ணை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைப்பது என்ன நியாயம்? சுலாலங்கார்ன் கடைசிவரை மருமகளை ஏற்கவில்லை. 1908-இல் பேரன் சுலா பிறந்த பிறகு சவோபா ராணிதான் மனம் இளகினார். காத்யா தாய்லாந்து மொழி கற்றுக்கொண்டார், அரண்மனைப் பழக்கவழக்கங்களையும் பழகிக்கொண்டார். 1917-இல் ரஷ்யாவில் புரட்சி வந்ததும் திரும்பிப் போக ஊர் என்று ஒன்றும் இல்லாமல் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் இளவரசரின் மனம் சவாலித் என்ற இளம் இளவரசியிடம் போனது. பல மனைவியர் வழக்கமாக இருந்த அரண்மனையில் இது பெரிய விஷயமே இல்லை. காத்யா ஒப்பவில்லை. 1919-இல் விவாகரத்து. அவர் ஷாங்காய்க்குப் போனார்.

ஜூன் 13

1920-இல் இதே தேதியில் சக்ரபோங்சே இறந்தார். சிங்கப்பூர்ப் பயணத்தில் காய்ச்சல் கண்டு, நிமோனியாவாக முற்றி, அங்கேயே உயிர் போனது. வயது 37. காத்யாவை அவர் காத்திருக்க வைத்த அதே ஊர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சரித்திரத்தையே திருப்பியது. 1924-இல் வஜிராவுத் கொண்டுவந்த வாரிசுச் சட்டம், அந்நிய நாட்டு மனைவி உள்ள இளவரசரையும் அவர் பிள்ளைகளையும் பட்டத்திலிருந்து விலக்கியது. சுலாவுக்குக் கதவு சாத்தப்பட்டது. வஜிராவுத்தின் மற்றத் தம்பிகளில் சுதாதுஜ் 1923-இலும், அஸ்தாங் 1925 பிப்ரவரியிலும் இறந்துபோனார்கள். அதே வருடம் நவம்பர் 26-இல் வஜிராவுத்தும் போனார். அவருடைய ஒரே குழந்தை, ஒரு பெண், பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடைசித் தம்பி பிரஜாதிபோக் மன்னரானார். அவர் காலத்தில்தான், 1932-இல், முழு முடியாட்சி முடிவுக்கு வந்தது.

ராணுவம் முழுவதும் மதித்த சக்ரபோங்சே உயிரோடு இருந்திருந்தால்? 1912-இல் இளம் அதிகாரிகள் அரசருக்கு எதிராகத் திட்டமிட்டபோது அதை முளையிலேயே பிடித்தவர் அவர். 1932-இல் புரட்சி நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஜூன் 14

சுலா இங்கிலாந்தில் வளர்ந்தார். உறவினர் பீரா கார்ப் பந்தயம் ஓட்டியபோது அணியை நடத்தியவர் அவர்தான். அப்புறம் சரித்திரம் எழுதினார், பெற்றோரின் கதையையும் சேர்த்து. காத்யா ஓர் அமெரிக்கரை மணந்து, 1960-இல் பாரிஸில் காலமானார்.

நாளைக் காலை விமானப்படை அருங்காட்சியகம்.