திருகோணமலை வெயிலில் ஒரு யேமன் பச்சோந்தி: தீனியும் கல்சியமும் விற்றமினும்

வளர்ந்த பச்சோந்திக்குத் தீனி வைப்பதில் முதலில் பழக வேண்டியது கையைக் கட்டிக்கொண்டிருப்பது. குட்டி எவ்வளவு தின்றாலும் அது வளர்த்தியாகிவிடும். ஒரு வயது தாண்டிய ஆணுக்கு அதே அளவு போட்டால் கொழுப்புத்தான் கூடும். ஆனால் பூச்சியைக் கண்டால் எந்த வயதிலும் அது பசித்ததுபோலத்தான் பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்கக்கூடாது.

என்னிடம் இருப்பது யேமன் இனம். தலையில் உயர்ந்த கொண்டை உள்ள ஆண். யேமனும் சவூதியின் தென்மேற்கு மலைப்பக்கமும் அந்த இனத்தின் ஊர். இது கூட்டிலேயே பிறந்து வளர்ந்தது. நம் வறண்ட வலயக் காடுகளில் இருக்கும் பச்சோந்தி வேறு இனம்; அது சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் பிடித்து வளர்க்கக் கூடாது. வெளிநாட்டு இனம் வாங்குகிறவர்களும் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி. ஒரு தடவைக்கு நடுத்தர அளவில் நாலைந்து பூச்சி. பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். குசினித் தராசில் கிழமைக்கு ஒருதடவை நிறுப்பேன். தினமும் கொடுத்த காலத்தில் நிறை ஏறிக்கொண்டே போய், கைகால் மூட்டுப் பக்கம் தடித்தது. இடைவெளி விட்டபின் நிறை நிலையாக நிற்கிறது. மரத்தில் ஏறி இறங்கும் நடையும் சுறுசுறுப்பாகிவிட்டது.

பூச்சிக்கு அடிப்படை சிள்வண்டு, அதாவது கிரிக்கட் பூச்சி. பிளாஸ்ரிக் பெட்டியில் கடதாசி முட்டைத் தட்டுகளை நிறுத்தி நானே வளர்க்கிறேன். திருகோணமலைச் சூட்டில் அதற்கு ஹீற்றர் தேவையில்லை, தானாகப் பெருகும். ஈரம் தேங்கினால்தான் கூட்டமாகச் சாகும். ஆகவே தண்ணீர் வைக்காமல் வெட்டிய காய்கறியிலேயே ஈரம் கொடுக்கிறேன். தம்பலகாமம் பக்கம் வயலில் வெட்டுக்கிளி தாராளமாகக் கிடைக்கும். பிடித்துத் தருகிறோம் என்று தெரிந்த பிள்ளைகள் கேட்டார்கள். வயலுக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றுவிட்டேன். மின்மினியையும் கிட்ட விடக்கூடாது, சில இனங்கள் நஞ்சு.

சிள்வண்டில் ஒரு குறை இருக்கிறது. அதன் உடம்பில் பொசுபரசு கூட, கல்சியம் மிகக் குறைவு. பச்சோந்திக்கு வேண்டியதோ மறுவளம்: கல்சியம் இரண்டு பங்கு, பொசுபரசு ஒரு பங்கு. அதனால் பச்சோந்தியின் தீனியைப்போலவே சிள்வண்டின் தீனியையும் கவனிக்க வேண்டும். முருங்கையிலை, பப்பாசி, பூசணி, கரட் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். கொடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகத் தின்ன விட்டால் வயிறு நிறைந்த பூச்சி பச்சோந்திக்குப் போய்ச் சேரும். முருங்கையிலை போட்டால் காலையில் காம்பு மட்டும்தான் மிஞ்சும்.

வளவில் உள்ள பசளைக் குழியில் கறுப்புப் படைவீரர் ஈ தானே வந்து முட்டையிடுகிறது. அதன் புழு இயல்பாகவே கல்சியம் நிறைந்தது. குழியில் என்ன கிடந்தது என்று சொல்ல முடியாததால் அங்கிருக்கும் புழுவைக் கொடுப்பதில்லை. ஈயைத் தனி வாளிக்கு வரவைத்து, காய்கறித் தோலில் வளர்த்துக் கொடுக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமிக்கு இதில் பெரிய அக்கறை. இந்த இனம் இலையும் பூவும் தின்னும் என்று அறிந்ததிலிருந்து செவ்வரத்தம் பூவை மதிலுக்கு மேலால் நீட்டுவார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, கல்சியம்தானே வேணும்? வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பைக் கொஞ்சம் தடவிக் குடுத்தா என்ன?"

"ஐயோ வேண்டாம் மாமி, வாய் வெந்துபோகும்" என்றேன். இதை மற்றவர்களும் கேட்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு தோலை அரிக்கும் காரப் பொருள். நமக்கு வேண்டியது மிக நுண்ணிய கல்சியம் காபனேற்றுத் தூள். பாமசியில் வாங்கும் மாத்திரை பலவற்றில் விற்றமின் டி3 (கல்சியத்தை உடம்பில் சேர்க்க உதவுவது; அதன் அளவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) கலந்திருக்கும், போத்தலின் லேபிளைப் படிக்காமல் அரைக்க வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை ஊறவைத்து உப்பு நீக்கி இடித்தும் பார்த்தேன். சத்து அதே சத்துத்தான், ஆனால் கையால் இடித்த தூள் கரடுமுரடாகி, பூச்சியில் ஒட்டாமல் உதிர்ந்துவிடுகிறது.

தூள் போடுவது இப்படி: மூடியுள்ள போத்தலில் பூச்சிகளை விட்டு, விரல்நுனியில் அள்ளிய தூளைத் தூவி, மெதுவாக உருட்டுவேன். மெல்லிய சாம்பல் பூத்ததுபோல இருந்தால் போதும். வெள்ளை வெளேரென்று இருந்தால் பச்சோந்தி முகர்ந்தும் பார்க்காது. உடனே கோப்பைக்குள் விட்டுக் கிளையருகே கட்ட வேண்டும், தாமதித்தால் சிள்வண்டு தன்னைத் தானே துடைத்துத் தூளை எல்லாம் உதிர்த்துவிடும்.

அந்த நேரம் நான் பக்கத்திலேயே நிற்பேன். தனித்தனியே சுழலும் கண்கள் இரண்டும் கோப்பையில் அசைவு தெரிந்ததும் சேர்ந்து முன்னுக்குத் திரும்பும். வாய் திறந்து நாக்கின் தடித்த நுனி வெளியே எட்டிப் பார்க்கும். அடுத்த கணம் பூச்சி இருக்காது. நாக்கு எட்டாமல் விழுகிறதா, குறி தவறுகிறதா, கிளையைப் பிடித்த பிடி தளர்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். கல்சியம் குறைந்தால் முதலில் தெரியும் இடங்களில் இவையும் உண்டு. கை கால் வளைந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

இனி டி3. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். பொதுவாகச் சொல்லப்படும் அட்டவணை இது: டி3 இல்லாத கல்சியம் ஒவ்வொரு தீனியிலும் மெல்லியதாக, டி3 கலந்த விற்றமின் தூள் மாதத்துக்கு இரண்டு தடவை. வெயில் அரிதான நாடுகளில், முழுநாளும் வீட்டுக்குள் விளக்கின் கீழ் வாழும் பச்சோந்திக்கு எழுதியது அது. நம் ஊரில் அதை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் படும்போது பச்சோந்தி தன் டி3ஐத் தானே தயாரிக்கிறது, போதுமான அளவோடு அந்த வேலை நின்றும்விடும். வாயால் கொடுப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அளவு மிஞ்சினால் கல்சியம் எலும்பில் நிற்காமல் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படியத் தொடங்கும்.

கோடை மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு வலைக்கூட்டை வெளியே வைக்கிறேன். பாதிக்கு வேப்பமர நிழல் கட்டாயம். கண்ணாடிக்குள் வைத்தால் பயனில்லை, அது யூவிபியைத் தடுத்துவிடும், சூடுதான் ஏறும். அரை மணி போல வைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குவதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுவேன். இப்படி வெயில் கிடைக்கும் மாதங்களில் டி3 தூள் மாதத்துக்கு ஒரு தடவைதான். பிடி உறுதியாக இருக்கிறது, நாக்கும் நேராகப் போகிறது.

விற்றமின் ஏயில் ஒரு விஷயம் மட்டும். போத்தலில் பீட்டா கரோட்டின் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பியிருக்க முடியாது. உடம்பு நேரடியாக எடுத்துக்கொள்ளும் ரெற்றினோல் வடிவில் கொஞ்சமாவது இருக்க வேண்டும். குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும், உரிந்த தோல் ஒட்டிக்கொண்டே நிற்கும். கூடினாலும் கேடுதான். மாதத்தில் அந்த ஒரு தூளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்தான் பெரிய வேலை. பாத்திரத்தில் வைத்தால் பச்சோந்தி பொதுவாகக் குடிக்காது; இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் தெளிப்பான், நடுவில் சொட்டுப் போத்தல். எச்சத்தோடு வரும் உப்புக்கட்டி வெள்ளையாக இருந்தால் சரி, கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மாரி. நாள்கணக்கில் வெயில் இல்லாமல் போகும். அப்போது கூட்டுக்கு மேல் நீளமான யூவிபி குழாய் எரியும், டி3 தூளும் மாதத்துக்கு இரண்டு தடவைக்குத் திரும்பும். குழாய் வெளிச்சம் தந்தாலும் ஒரு வருடம் கழிந்தால் யூவிபி குறைந்துவிடும். என்னுடையதற்கு அந்தக் கணக்கு முடிகிறது, மழை தொடங்குமுன் புதியதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.