கேட்டகிரி பி: 1.96-ஐக் கடைசியில் பெருக்குங்கள்

ஹைட்ரோகிராபி (கடலாழ அளவை) கேட்டகிரி பி தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். அப்பாடா! அடுத்த பேட்ச்காரர்கள் கேட்பதால் எழுதுகிறேன். ஜியோடெஸி, ஓதம் எல்லாம் எப்படியும் படித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது மல்டிபீம் (ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளால் ஆழம் அளக்கும் கருவி) அன்சர்டெயின்டி கணக்கு மட்டும், அதாவது அளந்த ஆழம் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்ற கணக்கு.

எல்லாப் பிழைகளையும் ஒரு சிக்மாவில் (ஒரு திட்ட விலக்கம்) எழுதுங்கள். அதை 95% அளவுக்கு மாற்றும் 1.96-ஐக் கடைசியில் ஒரே தடவை பெருக்குங்கள். டேட்டாஷீட்டில் 95% என்று போட்டிருந்தால் முதலில் 1.96-ஆல் வகுத்துவிடுங்கள்.

இந்த மாதிரிதான் கேட்பார்கள். ஆழம் 40 மீட்டர், 60 டிகிரி பீம். ரோல் (கப்பல் பக்கவாட்டில் சாய்வது) சென்சாரின் பிழை 0.05 டிகிரி. பீம் பக்கவாட்டில் 69 மீட்டர் தள்ளித் தரையைத் தொடுகிறது, அதனால் ஆழத்தில் 6 செ.மீ. போய்விடும். நடுபீமில் இதே ரோல் ஒன்றுமே செய்யாது. ஹீவ் (கப்பல் மேலும் கீழும் அசைவது) பிழை '5 செ.மீ. அல்லது 5%, எது அதிகமோ அது'. ஹீவ் 2 மீட்டர் என்று கொடுத்திருந்தால் 10 செ.மீ. எடுக்க வேண்டும், அவசரத்தில் 5 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். ஓதம் 10 செ.மீ., டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) 3, ஒலிவேகம் 15. இந்த ஐந்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.217 மீட்டர்.

எஸ்-44 (கடலாழ அளவைக்கான சர்வதேசத் தரநிலை) ஸ்பெஷல் ஆர்டரில் a (மாறாத பிழை) 0.25, b (ஆழத்தோடு கூடும் பிழை) 0.0075. a-யையும், b-ஐ ஆழத்தால் பெருக்கியதையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 40 மீட்டருக்கு எல்லை 0.39. 0.217-ஐப் பார்த்ததும் 'தேறிவிட்டது' என்று எழுதத்தான் கை போகும். ஆனால் எஸ்-44 எல்லை 95%-க்கு. 1.96-ஆல் பெருக்கினால் 0.425. ஸ்பெஷலில் அவுட். அதைவிடத் தளர்வான ஆர்டர் 1ஏ எல்லை 0.72, அதில் தாராளமாகத் தேறும். கேள்வி எடுப்பவர் எண்களை இந்த இடைவெளிக்குள்தான் வைப்பார்.

மற்றவை:

- கிடைமட்ட இடப் பிழைக்கு 1.96 இல்லை, 2.45. அது இரு பரிமாணம்.
- ஸ்வாத்தின் (ஒரு ஓட்டத்தில் அளக்கும் தரைப் பட்டை) இரண்டு ஓரமும் ஒரே திசையில் வளைந்தால் ஒலிவேகப் பிழை. ஒரு ஓரம் ஏறி இன்னொன்று இறங்கினால் ரோல் ஆஃப்செட். படம் கொடுத்துக் கேட்பார்கள்.
- பேட்ச் டெஸ்ட்டில் (கருவி பொருத்தியதில் உள்ள கோணப் பிசகைக் கண்டுபிடிக்கும் சோதனை) திருத்தவேண்டிய ஆஃப்செட்டை அப்படியே அன்சர்டெயின்டி பட்ஜெட்டில் போடாதீர்கள். திருத்திய பிறகு மிஞ்சும் சந்தேகம் மட்டும்தான் அங்கே வரும்.
- கியூப் அல்காரிதத்தின் (அளந்த புள்ளிகளிலிருந்து ஆழத்தைக் கணிக்கும் முறை) சூத்திரங்களில் மூழ்க வேண்டாம். அதற்குள் போகும் அன்சர்டெயின்டி தப்பென்றால் ஹைப்பாதிசிஸ் (ஓரிடத்துக்குச் சாத்தியமான ஆழம்) தேர்வும் கெடும் என்பது புரிந்தால் போதும். மனப்பாடம் எனக்கு ஒத்துவராது, அதனால் இப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

அப்புறம் வைவா. டேட்டாஷீட்டில் சிக்மாவே குறிப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். முழிக்காதீர்கள். 'ஆர்.எம்.எஸ். (பிழைகளின் வர்க்கச் சராசரியின் மூலம்) என்று கொண்டு ஒரு சிக்மாவாக எடுத்தேன்' என்று சொல்லுங்கள். எழுத்துத் தேர்விலும் கணக்குக்கு மேலே இதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.